சினை ஊசி போட்ட பிறகு

எங்கள் வீட்டுக் கலப்பினப் பசுவுக்குச் சென்ற ஆண்டு அடுத்தடுத்து இரண்டு முறை சினை ஊசி (உறைவிந்தைச் செலுத்தும் செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம், ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாக இருக்கும் எங்கள் தொழுவத்தில் அது பருவத்துக்கு வந்து விடியலில் கத்தத் தொடங்கியதும் அம்மா என்னை எழுப்புவதும், காலை எட்டு மணிக்குள் ஆளை அழைத்துச் சினை ஊசி போட்டுவிடுவதுமாக இரண்டு முறையும் ஒன்றுபோலவே நடந்தது. விந்தணு உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று, உயிர்வேதியியல் படித்த நானும் அந்த அவசரத்தில் எண்ணிவிட்டேன். அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

காளையிடமிருந்து வெளிவரும் விந்தணுவுக்கு நீந்த முடியும். ஆனால் கருமுட்டையோடு சேர முடியாது. பெண் விலங்கின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கிய பிறகே அதற்கு அந்தத் தகுதி வருகிறது என்பதை 1951-இல் எம்.சி. சாங், சி.ஆர். ஆஸ்டின் என்ற இருவர் தனித்தனியே கண்டறிந்தார்கள். விந்தணு தனக்கு வேண்டிய புரதத்தைப் புதிதாகச் செய்துகொள்ள ஏறத்தாழ இயலாத உயிரணு. ஆகவே இந்த மாற்றத்தின் பெரும்பகுதி, ஏற்கெனவே அதன் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் கழல்வதாலும் இடம் பெயர்வதாலும், சூழ்ந்துள்ள திரவத்திலிருந்து வேறு சில வந்து ஒட்டுவதாலுமே நிகழ்கிறது.

மாட்டினத்தில் இதில் முதன்மையானவை பி.எஸ்.பி. (விந்தணுவைப் பற்றுபவை) எனப்படும் புரதங்கள். விந்துப்பையில் சுரக்கும் இவை, விந்து வெளிப்படும் கணத்தில் விந்தணுவின் சவ்விலுள்ள கோலின் கொழுப்புகளைப் பற்றிக்கொண்டு அதன்மேல் போர்வைபோல் படிகின்றன. கருமுட்டைக் குழாயின் உட்சுவரில் விந்தணு ஒட்டிக்கொண்டு, முட்டை வரும்வரை உயிர்ப்போடு காத்திருக்க உதவுபவையும் இவையே. பின்னர் அந்தக் குழாயின் திரவத்திலுள்ள ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள்களோடு சேர்ந்து சவ்விலிருந்து கொலஸ்டிராலை வெளியேற்றி விந்தணுவைத் தகுதியாக்குபவையும் இவையே. காப்பதும் கலைப்பதும் ஒரே புரதத்தின் வேலை என்பதுதான் என்னை மிகவும் ஈர்த்தது. இதே காரணத்தால், விந்துத் திரவத்தோடு நெடுநேரம் கலந்து கிடந்தால் கொலஸ்டிரால் அளவுக்கு மீறி வெளியேறி விந்தணு நலிந்துவிடுகிறது. உறைவிந்து தயாரிக்கையில் முட்டை மஞ்சள் கரு சேர்ப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது: அதிலுள்ள கொழுப்புப் புரதத் துகள்கள் பி.எஸ்.பி. புரதங்களைத் தம்மிடம் இழுத்துக்கொண்டு சவ்வைக் காக்கின்றன.

பகவதி அம்மனை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட தாணுமாலயன், நாரதர் சேவலாகிக் கூவியதைக் கேட்டு, முகூர்த்தம் தவறிவிட்டது என்று வழியிலேயே திரும்பிய கதையை எங்கள் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து உருகும் விந்தணுவுக்கு நேர்வதும் ஏறத்தாழ அதுதான். குளிர்ச்சியில் சவ்வின் ஒழுங்கு குலைகிறது, மேற்பரப்புப் புரதங்களில் ஒரு பகுதி கழன்றுபோகிறது, கால்சியம் உட்புகுகிறது. உறைவிந்து அடைத்த குச்சியை வெதுவெதுப்பான நீரில் உருக்கி எடுக்கும்போதே விந்தணுக்கள் பலவும் தகுதியாக்கத்தை ஒத்த நிலைக்கு வந்திருக்கும். விடியாமலே விடிந்ததாக அவற்றுக்குச் சேவல் கூவிவிட்டது. அவற்றால் நெடுநேரம் காத்திருக்க இயலாது.

பசுவிலோ பருவ அறிகுறிகள் ஓய்ந்து ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம் கழித்தே கருமுட்டை வெளிப்படுகிறது. அப்போது தகுதி பெற்ற நிலையில் உயிரோடிருக்கும் விந்தணுவின் தலைமூடியான அக்ரோசோம் திறந்து, அதுவரை உள்ளே மறைந்திருந்த இசுமோ என்ற புரதம் மேற்பரப்புக்கு வருகிறது. 2005-இல் எலியில் கண்டறியப்பட்டு, ஜப்பானில் திருமண வரத்துக்குப் பெயர்பெற்ற ஒரு கோயிலின் பெயரைப் பெற்ற புரதம் இது. முட்டையின் மேலுள்ள ஜூனோ என்ற புரதத்தை இது பற்றிக்கொண்ட பிறகே இரண்டும் இணைய முடியும். விடியலில் கத்தத் தொடங்கிய பசுவுக்கு அப்போதே ஊசி போட்டால், முட்டை வரும்போது இசுமோவை வெளிக்காட்ட எத்தனை விந்தணு மிஞ்சியிருக்கும்?

காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் என்று கால்நடை மருத்துவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் முறையை மூன்றாம் முறை விடாமல் பின்பற்றினோம். பருவத்தில் பசுவிடமிருந்து வழியும் வழும்பு கண்ணாடிபோல் தெளிந்து தொங்கியதைப் பார்த்தும் அம்மா பகல் முழுவதும் பொறுத்துக்கொண்டார். மாலை ஐந்தரைக்கு ஊசி போட்டோம். அடுத்த பருவம் வரவேண்டிய 21 நாள் கழிந்தும் பசு கத்தவில்லை. மூன்றாம் மாதத்தில் மருத்துவர் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துச் சினை என்று உறுதி செய்தார்.