குடியுரிமை இல்லாமல் போட்ட ஓட்டு

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிய பிறகு ஒருநாள் தபாலில் ஓர் உறை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'அதிகாரபூர்வ வாக்குச்சீட்டு உள்ளே' என்று இருந்தது. எங்கள் பகுதியின் கொசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, சொத்து வரியோடு சேர்த்து ஆண்டுதோறும் ஒரு தொகை வாங்கிக்கொள்ளச் சம்மதம் கேட்டிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கணக்கிட்டது இருபது டாலருக்கும் கீழே.

நான் இன்னும் கிரீன் கார்டுதான். தேர்தலில் ஓட்டுக் கிடையாது. இதில் கையெழுத்துப் போட்டு வம்பில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா? அப்படியானால் போடலாம்" என்றார்கள். 1996-இல் மாநில வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவு என்ற சட்டத் திருத்தத்தின்படி, நிலத்தின் மேல் இப்படிக் கட்டணம் விதிக்க அதன் சொந்தக்காரரைத்தான் கேட்கவேண்டும். எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் இங்கேயே பிறந்தவர், அவருக்குச் சீட்டு வரவில்லை. கொசு என்னவோ அவரையும்தான் கடிக்கிறது.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதும் இல்லை. யார் எவ்வளவு கட்டவேண்டுமோ, அவ்வளவுதான் அவர் சீட்டின் எடை. பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் முதலாளி போடும் சீட்டுக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. உள்ளாட்சித் தேர்தல் பார்த்து வளர்ந்த எனக்கு இது கம்பெனிப் பங்குதாரர் கூட்டம் மாதிரி இருந்தது. திரும்பி வராத சீட்டுகள் கணக்கில் சேராது. வந்தவற்றில் எதிர்ப்புத் தொகை ஆதரவுத் தொகையைத் தாண்டினால் திட்டம் விழுந்துவிடும். இதையே சிறப்பு வரியாகக் கொண்டுவந்திருந்தால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இந்த வழியைப் பிடித்ததற்கு அதுவும் காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கட்டணத்தை நியாயப்படுத்தப் பொறியாளர் எழுதிய அறிக்கையையும் வாங்கிப் படித்தேன். கொசு குறைந்தால் நிலத்துக்கு என்ன 'சிறப்புப் பயன்' என்று பக்கம் பக்கமாக நிரூபிக்கிறார்கள். சட்டம் கேட்கிறது, என்ன செய்வது! டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு 2013-இலேயே இந்த மாநிலத்தில் தென்பட்டுவிட்டது. 2023-இல் வெளியூர் எங்கும் போகாதவர்களுக்கே தெற்குக் கலிஃபோர்னியாவில் டெங்கு வந்தது. ஊரில் டெங்கு வார்டைப் பார்த்தவனுக்கு வேறு காரணம் தேவையில்லை. ஆதரவு என்று குறித்து, கையெழுத்திட்டு அனுப்பினேன். இது ரகசிய ஓட்டு இல்லை. எண்ணும்போதும் அதன் பிறகும் சீட்டுகள் பொது ஆவணம்.

தபால் அனுப்பி 45 நாளாவது கழிந்த பின்தான் பொது விசாரணை நடத்தலாம். அது முடியும்வரை சீட்டை மாற்றலாம், திரும்பப் பெற்றுக்கொள்ளவும் செய்யலாம். நானும் போய் உட்கார்ந்தேன். ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் ஒருவர், "சின்னத் தொகை, சின்னத் தொகை என்று சொல்லியே வரி ரசீது நீண்டுகொண்டு போகிறது" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேசியவர்கள் எல்லாரும் முடித்த பிறகே உறைகளைப் பிரித்தார்கள்.

திட்டம் தேறியது. அடுத்து வந்த வரி ரசீதில் தொகை தனியாக ஏறியிருந்தது. டிசம்பர் 10, ஏப்ரல் 10 தவணைகளில் பாதிப் பாதியாகக் கட்டுகிறோம். தவணை தவறினால் இதற்கும் சேர்த்தே 10 சதவீத அபராதம் உண்டு.