கட்லா, ரோகு எடை கூடும்போது உள்ளே கூடுவது என்ன?

குட்டையில் வலை போட்டு நாலு மீனை நிறுத்துப் பார்த்து, “முக்கால் கிலோ வந்தாச்சு” என்று விட்டுவிட்டால் பாதி விஷயம்தான் தெரியும். அதில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சினை எவ்வளவு என்பது தராசுக்குத் தெரியாது. கூடவே நீளத்தையும் அளக்க வேண்டும்.

பொரித்த புதிதில் குஞ்சுக்குத் தலையும் கண்ணும்தான் பெரிது. 10 செ.மீ. விரலியாக, அதாவது விரலளவு குஞ்சாக, ஆகும்போது பெரிய மீனின் சாயல் வந்துவிடும். அதற்குப் பிறகு நீளம், உயரம், பருமன் மூன்றும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வளர்வதால், நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். 15 செ.மீ.யில் 40 கிராம் இருந்த ரோகு 30 செ.மீ.யில் 320 கிராம் இருந்தால் வடிவம் மாறவில்லை. 400 என்றால் பருத்திருக்கிறது. 260 என்றால் இளைத்திருக்கிறது, உடனே கவனிக்க வேண்டும்.

கிராமில் உள்ள எடையை 100-ஆல் பெருக்கி, செ.மீ.யில் நீளம் × நீளம் × நீளம் என்று வந்த தொகையால் வகுத்தால் இந்த மூன்று எடைக்கும் முறையே 1.19, 1.48, 0.96 வரும். கட்லா அகன்ற உடம்புக்காரன் என்பதால் அதன் எண்ணை ரோகுவோடு ஒப்பிடக் கூடாது. காலையில் தீனிக்கு முன், குட்டையின் எல்லா மூலையிலும் வலை வீசி 25, 30 மீனாவது அளக்க வேண்டும். தீனிப் பை கட்டிய இடத்தில் மட்டும் வீசினால் முந்திக்கொண்டு தின்னும் கொழுத்த மீன்களே சிக்கும்.

கட்லாவில் தலை பெருத்து முதுகு ஒடுங்கியிருந்தால், பெரும்பாலும் குட்டையில் விட்ட மீன் அதிகம் அல்லது மேல்மட்டத்தில் அது தின்னும், நீரில் மிதக்கும் நுண்ணுயிர் குறைவு. 50 லிட்டர் குட்டைத் தண்ணீரை இந்த நுண்ணுயிரைப் பிடிக்கும் நெருங்கிய கண் வலையில் வடித்தால் 1 முதல் 2 மி.லி. படிய வேண்டும்.

இனி சதைக்கு வருவோம். புரதம் பெரிதாக அசையாது. 16 முதல் 18 சதவீதத்திலேயே நிற்கும். மாறுவது தண்ணீரும் கொழுப்பும்தான். இரண்டும் சேர்ந்து சுமார் 80 சதவீதம். மீன் வளர வளர, தவிடும் புண்ணாக்கும் தாராளமாகக் கிடைக்கக் கிடைக்க, கொழுப்பு ஏறித் தண்ணீர் இறங்கும். பட்டினி போட்டால் கொழுப்பு கரைந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். எடை அவ்வளவாகக் குறையாது, சதை மட்டும் தளர்ந்துபோகும். தராசு நம்மை ஏமாற்றுவது இங்கேதான்.

முதுகுத் துடுப்புக்குக் கீழே 10 கிராம் சதையை நறுக்கி, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். 2.3 கிராம் மிஞ்சினால் தண்ணீர் 77 சதவீதம், அந்த 80-இல் மீதியான கொழுப்பு தோராயமாக 3. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்டுவது முக்கியம். வயிற்றுச் சதையில் கொழுப்பு எப்போதும் அதிகம், வாலில் குறைவு.

இரண்டாம் வருட மீனை மே, ஜூனில் அளந்தால் எடையையும் நீளத்தையும் வைத்துப் போட்ட அந்த எண் பெட்டைகளுக்குத் திடீரென ஏறும். அது சினை. உடம்பில் சேர்த்த கொழுப்பின் ஒரு பகுதி அதற்குள் போயிருக்கும். அந்த மாதங்களில் சில மீன்களை அறுத்து, குடலும் சினையும் நீக்கிய எடையை வைத்தே கணக்குப் போடுங்கள்.