நீர் மிகுந்தால் மரம் மிதக்கும்

சீன ஜாதகமான பாஸி பற்றிப் பேச்செடுத்தால் போதும், "எனக்கு எந்தப் பூதம் குறைகிறது?" என்றுதான் கேட்கிறார்கள். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்தும்தான் இங்கே பூதங்கள். குறைவதை நிரப்பினால் எல்லாம் சரியாகிவிடுமாம்! எனக்கு எரிச்சலாக வருகிறது.

பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கு தூண்கள்; தூணுக்கு மேலும் கீழுமாக இரண்டு என எட்டு எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பூதத்தைச் சேர்ந்தது. சோங் காலத்துச் சூ ஸிபிங்கின் பெயரால் வழங்கும் முறையில், நாள் தூணின் மேல் எழுத்துதான் 'நான்'. மற்ற ஏழும் அதற்கு என்ன உறவு என்பதே கேள்வி. ஒரு பூதம் இன்னொன்றைப் பிறப்பிக்கும், வேறொன்றை அடக்கும். என்னைப் பிறப்பிப்பது தாய்போல் ஆதரவு. நான் பிறப்பிப்பது என் திறமை. நான் அடக்குவது செல்வம், என்னை அடக்குவது பதவி. (ஆணின் ஜாதகத்தில் அந்தச் செல்வத்தையே மனைவி என்றும் வாசித்தார்கள். பழைய சமூகம் அப்பட்டமாக முகம் காட்டும் இடம்.)

சுவை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீர் மரத்தை வளர்க்கும் என்பது பாலபாடம். ஆனால் நடுக்குளிரில் பிறந்த மரத்தைச் சுற்றிலும் நீரே நிறைந்திருந்தால், அது வேர்பிடிக்காமல் மிதக்கும். அதற்கு வேண்டியது வெம்மை, அதாவது நெருப்பு. நெருப்போ மரத்தைத் தின்று எரிவது! உலோகத்தை அடக்குவதும் நெருப்புதான். ஆனாலும் வலுத்த உலோகம் அதில் காய்ந்தால்தான் கருவியாகும். ஆகவே ஆக்கும் உறவு நல்லது, அடக்கும் உறவு கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பிறந்த மாதம்தான் பருவத்தைச் சொல்கிறது. எது வலுத்தது, எது மெலிந்தது என்பதை அங்கிருந்துதான் எடைபோட வேண்டும்.

பலன் பலிக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இந்தத் தர்க்கம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.