குறுக்கு வலி, கெட்டுப்போன தூக்கம், இருபது நிமிடப் பயிற்சி

நாள்பட்ட குறுக்கு வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தூக்கமும் சரியிருக்காது. ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் வலி எழுப்பிவிடும். தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கும். குனிந்தால் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் முதுகுத் தசைகள் நாள் முழுக்க இறுகியே கிடக்கும், அந்த இறுக்கமே வலிக்குத் தீனி போடும். உடம்பு ஒருபக்கம், மனசு ஒருபக்கம் என்று பிரித்து வைத்தியம் பார்த்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவது கடினம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மூச்சு. யோகாவில் பலன் தருவது ஆசனத்தின் அழகு அல்ல, அசைவோடு சேர்ந்து நீளும் வெளிமூச்சும் விடாத பழக்கமும்தான் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பார்வை நம் ஊரில் வளர்ந்ததுதான். 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் துள்ளலும் வேகமுமாக ஆசனம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், 1950களில் சென்னைக்கு வந்த பிறகு வயதையும் நோயையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த முறையைத் தொடர்ந்தது. ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவதும், ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு கட்டுவதும் அதன் அடிப்படை. மருத்துவ உலகமும் இதைத் தள்ளிவிடவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட குறுக்கு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

பயிற்சிக்கு முன் ஒரு எச்சரிக்கை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடை இடுக்கு மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது இவற்றில் ஏதாவது இருந்தால் யோகாவை மறந்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நேரம் என்றால் எல்லோரும் விடியற்காலையைச் சொல்வார்கள். குறுக்கு வலிக்காரர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் இடைவட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முன்னால் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் வழக்கத்தைவிட அதிகம். எழுந்ததும், நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்தில் இறங்கி, வலியைக் கூட்டிக்கொண்டு 'யோகா எனக்கு ஒத்துக்கவில்லை' என்பவர்கள் நிறையப் பேர். ஒரு மணி நேரம் நடமாடிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் சாயங்காலம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். காபி குடித்திருந்தால் அரை மணி போதும், அதற்காகக் காபியை விட வேண்டியதில்லை. டைல்ஸ் தரையில் கோரைப் பாய் வழுக்கும். யோகா மேட் இல்லாவிட்டால் தடித்த ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடலாம், அது நகராமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கை வயிற்றின் மேல். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். விடும்போது தொப்புளுக்குக் கீழே வயிறு மெல்ல உள்ளே போகும். இப்படி 12 மூச்சு.

அடுத்தது அபானாசனம். முழங்கால்களைத் தூக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் முட்டியின் மேல் வையுங்கள். மூச்சை விட்டுக்கொண்டே தொடைகளை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, மூச்சை இழுத்துக்கொண்டே கை நீளும் வரை விலக்குங்கள். எட்டு முறை. கையால் வெடுக்கென்று இழுப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் இடுப்பெலும்பு தரையை விட்டு எழும்பி, தசை இன்னும் இறுகும். மூச்சு முதலில் தொடங்க வேண்டும், கை அதன் பின்னால் வர வேண்டும். முகவாய் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள்.

பிறகு த்விபாத பீடம். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், குதிகால் பிட்டத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். மூச்சை இழுத்துக்கொண்டே இடுப்பைத் தூக்கி, விட்டுக்கொண்டே மேல் முதுகு, நடு முதுகு, கடைசியாக இடுப்பு என்று ஒவ்வொரு கண்ணியாக இறக்குங்கள். ஆறு முறை. இந்தப் பயிற்சியின் உயிர் இறக்குவதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுத் தொப்பென்று விழுந்தால் செய்ததற்கு அர்த்தமே இல்லை. பின்தொடை இழுத்துப் பிடித்தால் பாதம் தள்ளியிருக்கிறது என்று பொருள், கிட்டே கொண்டுவாருங்கள். குறுக்கு கிள்ளினால் தூக்கும் உயரத்தைப் பாதியாக்குங்கள். மேலே இருக்கும்போது கழுத்தைத் திருப்பவே கூடாது. முடிந்ததும் முதுகைச் சமன்படுத்தும் மாற்று ஆசனமாக அபானாசனம் நாலு முறை.

கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி, நாலு காலில் நின்று செய்யும் சக்கரவாகாசனம் அடுத்தது. மூச்சை விட்டுக்கொண்டே பிட்டத்தைக் குதிகாலை நோக்கிப் பின்னுக்குக் கொண்டுபோய், இழுத்துக்கொண்டே நெஞ்சை முன்னால் தள்ளி எழுங்கள். எட்டு முறை. மணிக்கட்டு வலித்தால் முஷ்டி மடக்கி ஊன்றலாம். முட்டி தேய்ந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து எழுந்தால் போதும். எலும்புப் புரை (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோய்) உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனிவதைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் சொன்ன அதே கணக்கில் 12 மூச்சு. கடைசியாக, கெண்டைக்காலை நாற்காலிப் பலகையின் மேல் வைத்துப் படுத்து ஐந்து நிமிடம் சவாசனம். கால் நீட்டிப் படுப்பதைவிட இது குறுக்கை நன்றாகத் தளர்த்தும்.

நாலுக்கு ஆறு என்ற கணக்கு ஏன்? உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். மணிக்கட்டில் நாடி பிடித்தால் பலருக்கு இது கைக்கே தெரியும். மெதுவாக்கும் வேலையைச் செய்வது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. வெளிமூச்சு நீளும்போது அதன் பிடி கூடுகிறது. பத்து விநாடிக்கு ஒரு மூச்சு என்றால் நிமிடத்துக்கு ஆறு. சும்மா இருக்கும்போது நாம் விடுவது 12 முதல் 20 வரை. ஆனால் கணக்குக்காக மூச்சை மல்லுக்கட்டி நீட்டினால் காற்றுப் பசி வந்து, படபடப்பு கூடும். அப்போது மூன்றுக்கு நாலு என்று இறங்கிவிடுங்கள். தானாகவே எளிதானால் மட்டும் நாலுக்கு எட்டு வரை போகலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது.

மனநிலை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதைப் பல வகுப்புகளில் கவனிப்பதில்லை. பதற்றக்காரருக்கு ராத்திரியில், வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி சொல்லித் தந்தால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் அது கிளப்பிவிடும் பயிற்சி. காலையில் எழவே மனமில்லாமல் சோர்ந்து கிடப்பவருக்கோ நேரே படுக்கைப் பயிற்சி கொடுத்தால் அங்கேயே மூழ்கிப்போவார். அவர் நின்றபடி கைகளை மேலே தூக்கி உள்மூச்சை நிறைத்துத் தொடங்கி, பிறகு தரைக்கு வரலாம். பழைய அதிர்ச்சி ஏதாவது உள்ளுக்குள் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடிய சவாசனமே பயத்தைக் கிளப்பும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பது அவர்களுக்குச் சரி. மன அழுத்த மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ, டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட வாரத்தில் ஐந்தாறு நாள் இருபது நிமிடம் மேல். தசையின் இறுக்கம் உடம்பு பயந்து பழகிக்கொண்ட பாதுகாப்பு. 'வலிக்காமலும் அசையலாம்' என்று அடிக்கடி காட்டினால்தான் அது பிடியைத் தளர்த்தும். குறுக்கு வலிக்கு யோகா பற்றிய ஆய்வுகள் பலவும் 12 வாரப் பயிற்சியை வைத்தே பலனைப் பார்த்திருக்கின்றன. நீங்களும் அந்த அளவு பொறுமை வைத்துக்கொள்ளுங்கள்.

தசை இழுப்பது போலத் தெரிந்து, பயிற்சி முடிந்ததும் அடங்கினால் கவலையில்லை. பிட்டத்திலிருந்து காலுக்குள் மின்னல் மாதிரி இறங்கினால் அந்த அசைவை உடனே நிறுத்த வேண்டும். கெண்டைக்கால் வரை இருந்த வலி தொடைக்கு, தொடையிலிருந்து குறுக்குக்கு என்று மேலே சுருங்கி வந்தால், குறுக்கில் வலி கொஞ்சம் கூடினாலும் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

வலி திடீரென்று முற்றிய நாளில் முழு வரிசையும் வேண்டாம். முதலில் சொன்ன 12 மூச்சையும் நாற்காலிச் சவாசனத்தையும் மட்டும் செய்யுங்கள், காலையில் ஒருமுறை, படுக்கப் போகுமுன் ஒருமுறை.