மூன்று பக்க ரெஸ்யூமே ஒரு பக்கமான அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நாலு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வேலையை விட்டு எட்டு மாதம் அவரோடு இருந்துவிட்டு, திரும்ப வேலை தேடும்போது கையில் இருந்தது காலேஜ் முடித்தபோது பிரவுசிங் சென்டரில் அடித்த ரெஸ்யூமேதான். அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, கடைசியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் அதில் இருந்தன. நான் செய்த வேலைக்கு மட்டும் இரண்டே வரி. நாற்பது இடத்துக்காவது அனுப்பியிருப்பேன், ஒரு போன்கூட வரவில்லை.

ஆடிட்டர் ஆபீசில் ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமே பார்க்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். "டேலி, ஜிஎஸ்டி தெரியும்னு எல்லாரும்தான் போடறாங்க கண்ணு, நீ என்ன பண்ணுனேன்னு இதுல எங்க இருக்குது?" என்றார். சரி, ஒரு மாதம் எப்படிப் போகும் என்று சொல்லச் சொன்னார். 11-ஆம் தேதிக்குள் நம் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி, நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் அதை நம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோடு எக்ஸெல்லில் ஒப்பிட்டு, விடுபட்ட பில்லை அடுத்த மாதமாவது ஏற்றச் சொல்லி நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் போன் போட்டு, 20-க்குள் வரி கட்டும் மாதக் கணக்கான 3பி முடிப்பது என்று வரிசையாகச் சொன்னேன். வரி கட்டாமல் எல்யூடி என்ற உறுதிக் கடிதம் போட்டு ஏற்றுமதி செய்வதால் தேங்கும் உள்ளீட்டு வரிக்கு, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்கு, ரீஃபண்ட் விண்ணப்பம் தயார் செய்ததையும் பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஏற்றுமதி கம்பெனிக்காரர்கள் தேடுவதே அந்த வேலை தெரிந்த ஆளைத்தான், அது என் ரெஸ்யூமேயில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். 'ஜிஎஸ்டி வேலைகளைக் கவனித்தேன்' என்பதை எடுத்துவிட்டு, 'மாதம் சுமார் 300 கொள்முதல் பில்களை 2பி-யுடன் சரிபார்த்தேன்' என்று போட்டேன். முதலில் 500 என்றுதான் எழுதினேன், பழைய டைரியைப் புரட்டிப் பார்த்து 300 என்று திருத்தினேன். இன்டர்வியூவில் அந்த எண்ணைத்தான் பிடித்துக் கேட்பார்கள், தயவுசெய்து கூட்டிப் போடாதீர்கள். ரீஃபண்ட் வேலை மேலே முதல் வரியாகப் போனது.

அப்புறம் அழகாக இருக்கிறதே என்று பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்த டிசைன் ஒன்றை இறக்கி அதில் போட்டேன். வேலை தேடும் தளத்தில் ஏற்றினால் கம்பெனி பெயர் இருக்கிற இடத்தில் என் போன் நம்பர் நிற்கிறது! கட்டமெல்லாம் எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே வரிசையாக எழுதிய பிறகுதான் சரியாக ஏறியது.

அந்த எட்டு மாதத்தை மறைக்கலாமா என்று நிறைய யோசித்தேன். கடைசியில் 'குடும்பத்தில் மருத்துவக் காரணம், 8 மாதம்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன்.

புதிதாக ஒன்பது இடத்துக்கு அனுப்பினேன், மூன்று பேர் கூப்பிட்டார்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தில், அந்த 300 பில்லில் மாதம் எத்தனை விடுபடும், யாரிடமிருந்து வராது என்றே அரை மணி நேரம் பேச்சு போனது. இடைவெளியைப் பற்றி மேனேஜர் கேட்டது ஒன்றுதான், அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று.