நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

'நான் யார்' என்ற கேள்வி எங்கள் வீட்டில் சிறு வயது முதலே காதில் விழுந்துகொண்டிருந்தது. திருவண்ணாமலை எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். கார்த்திகைக்குக் கிரிவலம் போவதும், ரமணாசிரமத்தில் ஓர் ஓரமாகக் கண்மூடி உட்கார்ந்திருந்துவிட்டு வருவதும் அப்பாவின் வழக்கம். உடல் நானல்ல, புலன்கள் நானல்ல, எண்ணங்கள் நானல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் கழிக்க முடியாத ஒன்று மிஞ்சும், அதுவே ஒருவனுடைய மெய்யான இயல்பு என்பதை அவரிடமிருந்துதான் கேட்டுக்கொண்டேன். அதை நான் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. வீட்டுக் கூரையைப் போல அது எப்போதும் தலைக்கு மேல் இருந்தது.

அப்பா இறந்த மூன்றாம் மாதம், சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது மையத்தில் பத்து நாள் விபஸ்ஸனா தியான வகுப்பில் சேர்ந்தபோதும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். தியானம் என்பது உள்ளே புதைந்து கிடக்கும் ஒன்றைத் தோண்டி எடுக்கும் கருவி என்றும், பத்து நாட்களில் அதன் ஒரு மூலையாவது கண்ணில் படும் என்றும் நம்பினேன். அங்கே நான் கண்டது வேறு. அதை ஓரளவு நிதானமாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பின் ஒழுங்கு கடுமையானது. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணையும். இடைப்பட்ட நேரத்தில் ஏறத்தாழ பத்து மணி நேரம் தியானத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். பத்தாம் நாள் காலை வரை பேச்சு இல்லை. கைபேசி, புத்தகம், எழுதுவது, அடுத்தவர் கண்ணைப் பார்ப்பது எதுவும் இல்லை. கட்டணமும் கிடையாது. முன்பு வகுப்பை முடித்தவர்கள் கொடுத்த தானத்தில் இப்போது வருபவர்கள் உண்கிறார்கள். மனநலம் பாதிக்கப்பட்டிருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பதால் விண்ணப்பத்திலேயே அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை எழுதுவது மிகவும் முக்கியம் என்பதை உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்.

இந்த முறையைக் கற்பித்த சத்திய நாராயண கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலி அவரை 1955இல் ரங்கூனில் இருந்த தியான ஆசிரியர் ஊ பா கினிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பதினான்கு ஆண்டுகள் அவரிடம் பயின்ற பிறகு, 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். ஊ பா கின் துறவி அல்லர். விடுதலை பெற்ற பர்மாவின் கணக்குத் துறைத் தலைவர், அலுவலகத்திலேயே தியானத்துக்கு ஓர் அறையை ஒதுக்கி ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியே பிழைத்த எனக்கு, இந்த வழி ஒரு கணக்கு அதிகாரியின் கையால் வந்தது என்பதில் சொல்ல முடியாத ஒரு நெருக்கம் ஏற்பட்டது.

முதல் மூன்று நாட்களுக்கு ஒரே வேலைதான். மூச்சு தானாக வருவதையும் போவதையும் மூக்கின் நுழைவாயிலில் கவனிக்க வேண்டும். இதற்கு ஆனாபானம் என்று பெயர். மூச்சைக் கட்டுப்படுத்தக் கூடாது, எண்ணக் கூடாது, மந்திரம் எதையும் சேர்க்கக் கூடாது. கேட்பதற்கு எளிதாக இருந்த இந்த வேலையில் நான்கு மூச்சுக்கு மேல் என்னால் நிலைத்திருக்க முடியவில்லை. நான் தேர்ந்தெடுக்காத நினைவுகள், நான் அழைக்காத கவலைகள், எப்போதோ கேட்ட பாட்டின் ஒரே வரி எல்லாம் தம் விருப்பப்படி வந்து போயின. என் மனம் என்று அறுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த ஒன்று என் சொல்லைக் கேட்கவில்லை.

புத்தர் சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன இரண்டாவது பேருரையின் வாதம் இதுதான் என்பதை வீடு திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த உடல் நானாக இருந்தால், 'இது இப்படி இருக்கட்டும், இப்படி இருக்க வேண்டாம்' என்று அதற்கு ஆணையிட முடிந்திருக்கும், அது நோய்க்கும் ஆளாகியிருக்காது என்று அவர் உடலில் தொடங்குகிறார். அதே கேள்வியை நுகர்ச்சியிடமும், பொருளை இன்னதென்று அடையாளம் காணும் குறிப்பிடமும், மனத்தின் ஆக்கங்களிடமும், அறிவிடமும் கேட்டுக்கொண்டு போகிறார். ஐந்தும் ஆணைக்கு அடங்காதவை, நிலையில்லாதவை. ஆகவே எதையும் 'இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா' என்று கொள்வதற்கு இடமில்லை. அப்பா கற்றுக்கொடுத்த கழித்தலும் இதுவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தெரிகின்றன. வேறுபாடு முடிவில் இருக்கிறது. ஐந்தையும் கழித்த பிறகு மிஞ்சுவது இன்னது என்று புத்தர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. பற்று விடுபடுகிறது, விடுதலை கிடைக்கிறது என்று சொல்லி அந்த உரை நின்றுவிடுகிறது.

நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடலின் ஒவ்வொரு பகுதியிலும் எழும் உணர்வை வரிசையாகப் பார்த்துச் செல்ல வேண்டும். இனியதை வேண்டாமலும் இன்னாததை விரட்டாமலும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நாளொன்றுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் உட்காரும் அதிட்டானம் உண்டு. என் வலது முழங்கால் எனக்கு ஆசிரியரானது இந்த மணி நேரங்களில்தான். முதலில் அது 'என் முழங்கால் போய்விடும்' என்ற பயமாக இருந்தது. பிறகு இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேல் கோபமாயிற்று. அடுத்து, எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் வந்தது. மூன்றாம் முறை உட்கார்ந்தபோது, வேறு வழியில்லாமல், அந்த இடத்தையே பார்க்கத் தொடங்கினேன். சூடு இருந்தது, ஒரு துடிப்பு இருந்தது, ஊசி குத்துவது போல ஒன்று இருந்தது. அவை ஓயாமல் இடம் மாறின. அவற்றை உற்றுப் பார்க்கும்போது, சற்று முன்பு இருந்த பயத்தையும் கோபத்தையும் வெட்கத்தையும் முழங்காலுக்குள் எங்கும் காணவில்லை. அம்பு தைத்தவனுக்கு இரண்டாவது அம்பும் தைப்பது போல, உடல் வலியின் மேல் மன வலியையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று புத்தர் சொன்ன உவமை எனக்கு அந்த மணி நேரத்தில் பொருள்பட்டது. வலி குறைந்ததா என்று கேட்டால், குறையவில்லை.

ஆறாம் நாள் பிற்பகலில் நடந்ததைச் சொல்வதற்கு முன், அப்பாவின் கருமாதியன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பந்தல் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், பங்காளிகள் நான்கு பேர் நிற்க, அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "பட்டணத்துல உக்காந்துக்கிட்டு அப்பாவுக்கு நீ என்னடா செஞ்ச?" நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மூன்று மாதங்கள் ஒவ்வொரு நாளும் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாதாமாதம் அனுப்பிய பணம், கண் அறுவைச் சிகிச்சைக்குச் செலவிட்டது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வந்தது என்று தேதி போட்டு ஒரு பேரேடே வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் அந்த வாக்கியம் மறுபடி எழுந்தது. எழுந்தவுடன் நெஞ்சுக்குழியில் ஒரு சூடு பரவுவதும், தாடை இறுகுவதும், வயிற்றில் ஏதோ சுருண்டு கொள்வதும் தெரிந்தன. ஐந்து நாள் பழக்கத்தால் கவனம் அங்கே போய் நின்றது. அப்போது பார்த்த ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. பேரேட்டைத் திறக்கச் சொன்னது அண்ணனின் வாக்கியம் அல்ல, அந்தச் சூடு. அதைத் தாங்க முடியாமல் மனம் ஓடிப்போய், 'நல்ல மகன்' என்ற ஒருவனைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தியது. அவன் பேசத் தொடங்கியதும் சூட்டிலிருந்து கவனம் விலகியது. சூட்டையே பார்த்துக்கொண்டு, அவனைக் கூப்பிடாமல் இருந்தபோது, நல்ல மகனும் வரவில்லை, கெட்ட மகனும் வரவில்லை. சூடு ஏறியது, நின்றது, மெல்லத் தணிந்தது. தணிந்த இடத்தில் அப்பா இல்லை என்பது மட்டும் இருந்தது. மூன்று மாதங்களில் முதல் முறையாக அன்றுதான் அழுதேன்.

நான் என்று நான் நினைத்திருந்தது, எங்கோ ஆழத்தில் மாறாமல் இருக்கும் ஒரு பொருள் அல்ல என்பதையும், ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் உணர்வைத் தாங்க முடியாமல் அந்த நொடியில் கட்டி எழுப்பப்படும் ஒன்று என்பதையும் அன்று நேராகக் கண்டேன். கட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அதை முன்போல் முழுவதும் நம்ப முடிவதில்லை.

இதைத் தமிழில் சொல்வதற்குச் சொற்கள் நம்மிடம் வெகு காலமாகவே இருந்திருக்கின்றன. மணிமேகலையில், ஒன்றைச் சார்ந்து அடுத்தது தோன்றும் பன்னிரண்டு சார்புகள் வரிசையாக வருகின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். கல்லூரியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அப்போது அது வெறும் பட்டியல். வாயில் என்பது புலன், ஊறு என்பது தொடர்பு, நுகர்வு என்பது அதனால் உண்டாகும் இன்பம் அல்லது துன்பம். அந்த நுகர்விலிருந்து வேட்கை பிறக்கிறது, வேட்கை பற்றாக இறுகுகிறது, பற்றிலிருந்து மீண்டும் ஒரு 'நான்' தோன்றுகிறது. தோற்றம் என்பதற்கு மறுபிறவி என்ற பொருளே மரபில் முதன்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருமாதிப் பந்தலிலிருந்து ஆறாம் நாள் வரை ஒரு மனிதன் என்னுள் எத்தனை முறை பிறந்தான் என்பதை நான் பார்த்துவிட்டேன். ஊறு நடந்தே தீரும், நுகர்வும் வந்தே தீரும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது. தியானம் என்று நான் அறிந்த உழைப்பு முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

அப்படியானால் மெய்யான இயல்பு என்று ஒன்று இல்லவே இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதே கேள்வியை வச்சகோத்தர் என்ற துறவி புத்தரிடமே கேட்டிருக்கிறார். ஆன்மா உண்டா என்றார், புத்தர் பேசவில்லை. இல்லையா என்றார், அப்போதும் பேசவில்லை. அவர் எழுந்து போன பிறகு ஏன் என்று சீடர் ஆனந்தர் கேட்க, உண்டு என்றால் நிலையான ஆன்மாவைச் சொல்பவர்களோடு சேர்ந்ததாகும், இல்லை என்றால் இருந்த ஒன்று அழிந்துவிட்டது என்று ஏற்கெனவே குழம்பியிருக்கும் அவர் இன்னும் குழம்புவார் என்று புத்தர் விளக்கினார். கேள்வி கேட்டவரின் நிலையை அறிந்த அந்த மௌனம் எனக்கு எந்த விடையையும்விட நெருக்கமாக இருக்கிறது.

பௌத்தத்துக்குள்ளேயே 'இயல்பைக் காண்பது' என்று உறுதியாகப் பேசும் மரபுகளும் உண்டு. சீனத்துச் சான் மரபு, ஜப்பானியர் ஜென் என்று அழைப்பது, அப்படிப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து போனவராக மரபு சொல்லும் போதிதருமரிடம் சீடர் ஹூய்கோ வந்து, என் மனம் அமைதியின்றித் தவிக்கிறது, அதை அமைதிப்படுத்துங்கள் என்று வேண்டுகிறார். உன் மனத்தைக் கொண்டுவா, அமைதிப்படுத்துகிறேன் என்கிறார் குரு. தேடிப் பார்த்துவிட்டேன், எங்கும் அகப்படவில்லை என்கிறார் சீடர். அப்படியானால் அதை அமைதிப்படுத்திவிட்டேன் என்கிறார் குரு. இந்தக் கதையை இளமையில் வெறும் சாமர்த்தியமான பதிலாகவே எண்ணியிருந்தேன். சொல்லைவிட அதற்கு முன் இருந்த தேடல்தான் முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சீடர் உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு வந்தவர்.

தலைத்திவசத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். படையல் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அண்ணனும் நானும் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் நெஞ்சுக்குழியில் அதே சூடு வந்தது. பேரேடும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் மூச்சைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். "ராத்திரி தூங்கவே மாட்டார்டா. மூணு மணிக்கு எழுப்பி, தொழுவத்துப் பக்கமாத் திருப்பிப் படுக்க வைன்னு சொல்லுவார். மாடு அசை போடற சத்தம் கேட்டாத்தான் கண்ணு அசரும்," என்றார். ஐந்து மாதம் ஒவ்வொரு இரவும் அப்படித் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார். எனக்கு அது அதுவரை தெரியாது.