வைசியாள் வீதியில் ஒரு காலை

புதுச்சேரி என்றால் எல்லோரும் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர்களின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் இந்த முறை பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே, தமிழர் பகுதியிலிருக்கும் வைசியாள் வீதிக்குப் போனேன். காலை ஏழு மணி. வண்டிச் சத்தம்கூட இல்லை.

வீட்டுக்கு வீடு தெருவை ஒட்டித் திண்ணை, அதற்கு மேலே மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியது! சில வீடுகளில் கீழ்த்தளம் நம் பாணி, மாடி பிரெஞ்சுப் பாணி. வளைந்த சன்னல்களும் அரைத்தூண்களுமாக. அந்தக் கலப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இந்த வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அப்புறம், இங்கே இன்னமும் குடும்பங்கள் வாழ்கின்றன. திறந்திருந்த ஒரு கதவு வழியே முற்றத்து வெளிச்சம் தெரிந்தது. படம் எடுக்க மனம் வரவில்லை.